“அடுத்த ரிலீஸ் எப்போது?” என்று கேட்பவர்களுக்கு

2024 மார்ச் 29, புனித வெள்ளி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தால் அலுவலகக் குழுவில் ஒரே ஒரு வரி: “நம்ம சர்வர்ல எக்ஸ்இசட் என்ன வெர்ஷன்?” கேட்டவர் லேசில் பதறுகிற ஆள் இல்லை. அதனாலேயே எனக்குப் பதறியது.

எக்ஸ்இசட், கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. அதன் புது வெர்ஷன்களில் யாரோ பின்கதவு, அதாவது சர்வருக்குள் நுழைய ஒரு ரகசிய வழி, வைத்திருந்தது அன்றுதான் வெளியே வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சோர்ஸ் (மூல நிரல்) இதில் சுருக்கப்பட்டுத்தான் நமக்கு வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பேக்கேஜ்களுக்குள்ளும் இது இருக்கிறது. பதினைந்து வருடமாக சர்வர்களோடு மாரடிக்கிறேன், இதை எழுதியது யார் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறவரை மொட்டைமாடித் தொட்டியை யார் ஏறிப் பார்க்கிறார்கள்?

சுருக்கும் முறையை உருவாக்கியவர் செவன்ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளை எழுதிய இகோர் பாவ்லோவ். அதை லினக்ஸ் பக்கம் கொண்டுவந்தவர் பின்லாந்துக்காரரான லாஸ்ஸே கோலின். ‘டுகானி’ என்ற சின்ன லினக்ஸ் டிஸ்ட்ரோவை (லினக்ஸ் தொகுப்பை) ஒட்டித் தொடங்கிய வேலை அது. (பின்னிஷ் மொழியில் பெரிய அலகுள்ள டூகன் பறவைக்கு அந்தப் பெயர்.) 2010 அக்டோபரில் 5.0 வெளியானது. பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக அதைத் தாங்கியது பெரும்பாலும் அவர் ஒருவர்தான். சம்பளம் கிடையாது, ஓய்வு நேர வேலை.

2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச் அனுப்பத் தொடங்கினார். சின்னச் சின்ன, உபயோகமான திருத்தங்கள். 2022 ஏப்ரலில் இருந்து வேறு சில பெயர்களில் புகார் மின்னஞ்சல்கள் வந்தன. பேட்ச் ஏன் இன்னும் சேரவில்லை, திட்டம் செத்துவிட்டதா, முடியாவிட்டால் வேறு யாரிடமாவது ஒப்படைத்தால் என்ன என்றெல்லாம். அந்த ஜூன் மாதம் கோலின் எழுதிய பதில் இன்றும் இணையத்தில் இருக்கிறது. தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். ஜியா டானுக்குக் கூடுதல் பொறுப்பு வரலாம் என்றும் அதே பதிலில் எழுதினார். கோலினை நெருக்கிய அந்தப் பெயர்களுக்கு வேறெங்கும் தடமில்லை என்று பின்னால் தேடியவர்கள் கண்டார்கள்.

அந்த மின்னஞ்சல்களைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேறொரு கருவியின் பராமரிப்பாளருக்கு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். “மூன்று மாதமாகக் காத்திருக்கிறோம், அடுத்த ரிலீஸ் எப்போது?” என்று. வாடிக்கையாளரின் நெருக்கடி என்மேல். அதை அப்படியே ஒரு முகம் தெரியாத மனிதர்மேல் இறக்கிவைத்தேன். அவருக்கு நான் பைசா கொடுத்ததில்லை. போலி ஆளுக்கும் எனக்கும் நோக்கம்தான் வேறு, வாசகம் ஒன்றே.

2023 மார்ச்சில் ஜியா டானே ரிலீஸ் வெளியிடும் இடத்துக்கு வந்துவிட்டார். 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. இவை இரண்டிலும் பின்கதவு இருந்தது. ஒளித்திருந்த விதம்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தூங்கவிடாதது. கெட்ட நிரல், சோதனைக்காக வைத்த சுருக்கக் கோப்புகளுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கும் பில்டு ஸ்கிரிப்ட் வரி, எல்லோரும் நிரலைப் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. ரிலீஸாகக் கொடுக்கும் டார்பாலில் (மொத்த நிரலையும் கட்டிய ஒற்றைக் கோப்பில்) மட்டும் இருந்தது. திறந்த நிரல், யாரும் பார்க்கலாம் என்று நாம் சொல்லிக்கொள்வோமே, பார்க்கும் இடம் ஒன்று, கட்டும் இடம் வேறொன்று.

தொலைவிலிருந்து மெஷினுக்குள் லாகின் செய்ய வழிவிடும் எஸ்எஸ்எச் சர்வர் நேரடியாக எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் சில டிஸ்ட்ரோக்கள், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கு ஒத்துப்போக அதில் ஒரு பேட்ச் போட்டிருந்தன. சிஸ்டம்டி-யின் லைப்ரரி வழியாக எக்ஸ்இசட்டும் உள்ளே வந்துவிடும். குறிப்பிட்ட ரகசியச் சாவி கையில் இருப்பவர், பாஸ்வேர்டே இல்லாமல் உங்கள் சர்வரில் என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம். இதற்குக் கொடுத்த ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து.

கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்புக் கருவியும் அல்ல. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட், வேறு ஏதோ வேக அளவீட்டில் இருந்தார். எஸ்எஸ்எச் லாகின் ஏறக்குறைய அரை நொடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். சில வாரம் முன்பு வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி கொடுத்த ஒரு புரியாத எச்சரிக்கையும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். அரை நொடிக்காக நானாக இருந்தால் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

சனிக்கிழமை காலை ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தோம். சந்தேகப்படும் கருவியையே ஓட்டி வெர்ஷன் கேட்காமல், பேக்கேஜ் பட்டியலில் பார்த்தோம்; நீங்களும் அப்படியே செய்யுங்கள். டெபியன் 12-இல் 5.4.1, உபுண்டு 22.04-இல் 5.2.5. சர்வர்கள் தப்பித்தன, காரணம் நம் சாமர்த்தியம் இல்லை, பழைய வெர்ஷன். பயிற்சிக்கு வந்திருந்த பையனின் லேப்டாப்பில் மட்டும் காளி லினக்ஸ், 27-ஆம் தேதி அப்டேட் செய்தது. காளியில் 26 முதல் 29 வரை அந்த வெர்ஷன் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னேன். “அண்ணா, லேட்டஸ்ட் வெர்ஷன் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றான். பதில் இல்லை என்னிடம்.

அந்த வாரம் ஒரு பட்டியல் போட்டோம்: எங்கள் வேலை நிற்கும் லைப்ரரிகளில் ஒரே ஒருவர் தாங்குவது எத்தனை? எண்ணத் தொடங்கியவர் பதினேழில் நிறுத்திவிட்டார். டார்பாலை எடுக்கும் இடங்களில் இப்போது களஞ்சியத்தில் அந்த ரிலீஸுக்குக் குறித்த டேக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். திடீரென்று பொறுப்பு கைமாறினால் ஒரு ரிலீஸ் தள்ளித்தான் ஏற்றுகிறோம்.

‘ரிலீஸ் எப்போது’ என்று முன்பு நான் கேட்டிருந்த பராமரிப்பாளருக்கு மறுபடி எழுதினேன், இந்தமுறை எந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தன்னிடம் ஏஆர்எம் வகைச் சிப் உள்ள மெஷின் இல்லை, சோதனைகளை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். கிடங்கில் சும்மா கிடந்த ஒரு போர்டைத் தூசி தட்டி எடுத்தோம். இருநூற்றுச் சொச்சம் சோதனைகளில் நான்கு தோற்றன. அவற்றை அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.