கடந்த ஏழு நாளில், ஒரு மணி நேரமாவது

கொருக்குப்பேட்டையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. கதவைத் தட்டியதும் உள்ளே பேச்சு நின்றது. ஒரு சிறுமி பாதிக் கதவைத் திறந்து, "அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்றாள். அம்மாவின் கால் கட்டிலுக்குப் பின்னால் தெரிந்தது. கையில் டேப்லெட், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. எங்களைப் பார்த்தால் குழு லோன் தவணைக்கு வந்தவர்கள் மாதிரிதான் இருக்கும். "லோன் இல்லம்மா, கவர்மென்ட்டு சர்வே" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் சிறுமியின் அப்பா வெளியே வந்தார்.

அவர் வேலை, சம்பளம், படிப்பு எல்லாம் முடிந்து, "அக்கா என்ன வேலை பாக்குறாங்க?" என்றேன்.

"அது இன்னா வேலை பாக்குது. வூட்ல சொம்மாதான் கீது."

நானும் 92 என்று பதிந்துவிட்டு எழுந்தேன். எங்கள் வேலைக் கணக்கெடுப்பின் குறியீட்டில் 92 என்றால் வீட்டு வேலைகளை மட்டும் பார்ப்பவர். படியிறங்கும்போதுதான் வாசல் ஓரமாக ஒரு கோணி நிறைய நைட்டிகள் இருந்ததையும், அந்த அக்காவின் புடவை முழுக்க நூல் பிசிறு ஒட்டியிருந்ததையும் மனம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அன்றைக்கு அது ஆறாவது வீடு. திரும்பி ஏறவில்லை. அது என் தப்பு.

மூன்று மாதம் கழித்து அடுத்த சுற்றுக்குப் போனபோது அவரே பேசினார். பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றிலிருந்து மூட்டை வரும். தையல் முடிந்த நைட்டிகளில் பிசிறு வெட்டி மடித்துக் கொடுத்தால் டஜன் கணக்கில் காசு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு தினம் இரண்டு, மூன்று மணி நேரம். "இதெல்லாம் ஒரு வேலையா மேடம்?" என்று கேட்டார். நான் 92-ஐ விட்டுவிட்டு 11 என்று பதிந்தேன். 11 என்றால் சுயதொழில் செய்பவர். கத்தரிக்கோலைத் தவிர அவருக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு எடுத்துவந்து பீஸ் கணக்கில் செய்பவர்களை நம் கணக்கு அந்தப் பெட்டியில்தான் போடும்.

'நாட்டில் வேலையின்மை இத்தனை சதவீதம்' என்று செய்தியில் ஓடும் எண் இப்படிப்பட்ட வாசல்களில்தான் உருவாகிறது. காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு, எங்கள் வாயில் பிஎல்எஃப்எஸ், 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முன் 1972-73 முதல் ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய கணக்கெடுப்பு நடக்கும். கடைசியாக நடந்தது 2011-12இல். புதிய கணக்கெடுப்பு வந்த பிறகு சில வருடங்கள் நான் வட சென்னை பிளாக்குகளில், அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரித்த வீட்டுத் தொகுதிகளில், கள ஆய்வாளராக அலைந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை என்பதால் கொஞ்சம் விட்டுப் பேசலாம்.

எங்கள் பகுதியில் 'வேலை' என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. ஆலைச் சங்கு ஊதினால் போவது வேலை. ரயில்வே வேலை, ஹார்பர் வேலை, அதெல்லாம் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஆலை 1996இல் மூடிவிட்டது, சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. மீன் வெட்டுவது, காலையில் தெருமுனையில் இட்லி விற்பது, மாவு அரைத்து பாக்கெட் போடுவது, பிசிறு வெட்டுவது எல்லாம் 'பொழப்பு'. "வேலை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்பார்கள். "பொழப்புக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள். பயிற்சி வகுப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு பாட்டி சொல்லித்தந்தார்.

கணக்கெடுப்புக்கு இந்த வித்தியாசம் கிடையாது. காசுக்காகவோ லாபத்துக்காகவோ செய்தால் அது வேலை. குடும்பத்துக்கு ஊற்றும் இட்லி வீட்டு வேலை. அதே தட்டில் விற்பதற்கு ஊற்றும் இட்லி தொழில். கணவரின் ஃபைபர் போட்டில் வரும் மீனைச் சம்பளமில்லாமல் விற்றுக்கொடுக்கும் மனைவியும் வேலையில் இருப்பவர்தான், குடும்பத் தொழிலில் உதவியாளர் என்ற பெயரில். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள், அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலையற்றவர்களும் சேர்த்து, 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சுயதொழில் பக்கம்தான். எல்லாரும் புதிதாக ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று இதைப் படித்தால், கோணி மூட்டையைப் பார்க்காமல் படியிறங்கிய என்னைப் போல ஆகிவிடும்.

இனி அந்த ஏழு நாள் விஷயம். இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாங்கள் ஒரே ஆளை இரண்டு கோலால் அளப்போம். ஒன்று வழக்கமான நிலை: கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார், அது போக 30 நாளாவது வேறு ஏதாவது வேலை செய்தாரா? மற்றது வார நிலை: நாங்கள் போன தேதிக்கு முந்தைய ஏழு நாளில் என்ன செய்தார்? அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம்கூடச் செய்யாமல், வேலை தேடியிருந்தாலோ கிடைத்தால் போகத் தயாராக இருந்தாலோ வேலையற்றவர். தேடவும் இல்லை, போகவும் தயாரில்லை என்றால் இந்தக் கணக்கிலேயே இல்லை.

காசிமேட்டில் இதை மே மாதத்தில் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், மூவரும் விசைப்படகில் போகிறவர்கள். மூத்தவர் அந்த வாரம் இரண்டு நாள் படகு உரிமையாளருக்கு வலை பின்னிக் கொடுத்திருந்தார். இரண்டாமவர், "எங்கனா இஸ்துனு போனா போவேன், ஆளு கூப்டணுமே" என்றார். கடைசித் தம்பி, "ரெண்டு மாசம் எங்கயும் போறதில்ல மேடம், தெறந்ததும் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். வார நிலைப்படி முதல் ஆள் வேலையில் இருப்பவர், இரண்டாம் ஆள் வேலையற்றவர், மூன்றாம் ஆள் உழைப்பாளரே இல்லை. வழக்கமான நிலைப்படி மூவருமே வேலையில் இருப்பவர்கள். வருடத்தில் பத்து மாதம் கடலில் இருக்கிறார்களே. மூவருக்கும் அன்று ஒரே சட்டியில்தான் குழம்பு.

எது உண்மை? இரண்டும்தான். 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வழக்கமான நிலையின்படி வேலையின்மை 3.2 சதவீதம். அதே வருடம், அதே கணக்கெடுப்பு, வார நிலையின்படி 4.9 சதவீதம். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் முதல் எண்ணையும் மற்றவர் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். 2025 ஏப்ரலுக்கான முதல் மாத அறிக்கை 5.1 சதவீதம் என்று வந்தபோது 'மூன்றிலிருந்து ஐந்தாகிவிட்டது' என்று எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. மாத எண் வார நிலைக் கோலால் அளந்தது. முழத்தையும் ஜாணையும் ஒப்பிட்டு வேட்டி சுருங்கிவிட்டது என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதவீதம் எதற்குச் சதவீதம்? 100 பேரில் 57 பேர் வேலையில், 3 பேர் வேலையற்றவர், மீதி 40 பேர் கணக்குக்கு வெளியே என்றால் வேலையின்மை 3 சதவீதம் இல்லை; 60இல் 3, அதாவது 5 சதவீதம். அந்த மூன்று பேரில் ஒருவர் வெறுத்துப்போய், தேடுவதையும் விட்டு, கிடைத்தாலும் போகத் தயாரில்லை என்று ஆகிவிட்டால், யாருக்கும் வேலை கிடைக்காமலே எண் குறையும். பெரம்பூரில் ஒரு தம்பி, பி.இ. முடித்தவர், டிஎன்பிஎஸ்சிக்கு வீட்டிலேயே படித்துக்கொண்டிருந்தார். "படிச்சிட்டிருக்கான்" என்று அம்மா முடிக்கப் பார்த்தார். "இப்ப ஒரு வேலை கிடைச்சா போவீங்களா தம்பி?" என்று கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "போவேன் மேடம்" என்றார். அந்த ஒரு சொல்லால் அவர் வேலையற்றவர் கணக்கில் வந்தார். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான்.

ஒரு மணி நேர விதியைத் திட்டுபவர்களிடம் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பல நாடுகளை ஒரே அளவில் ஒப்பிடுவதற்காக 1982லேயே சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்ட விதி அது. நம் அரசு ஏமாற்றுவதற்காகக் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் ராயபுரத்தில் லோடு ஏற்றும் ஒருவர் காலை ஆறு மணிக்கே போய் நின்று, வாரத்தில் நாலு நாள் வெறுங்கையோடு வந்தார் என்றால், மூன்று நாள் வேலை கிடைத்ததால் அவர் 'வேலையில் இருப்பவர்'. அந்த நாலு நாள் தலைப்பு எண்ணில் வராது. பழைய கணக்கெடுப்புகளில் தினசரி நிலை என்று ஒரு கோல் இருந்தது, அரை நாள் அரை நாளாக எண்ணும். கூலிக்காரர் பாட்டை அது இன்னும் நன்றாகச் சொல்லும். பிஎல்எஃப்எஸ்ஸில் அதை விட்டது இழப்பு என்பது என் எண்ணம். ஆனாலும் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், இன்னும் எத்தனை மணி நேரம் செய்யத் தயார் என்று இப்போதும் கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் அலுத்துப்போய் "எட்டு எட்டுன்னு போட்டுக்கோ" என்று சொல்வது அந்த இடத்தில்தான். அங்கே மட்டும் தயவுசெய்து நின்று யோசியுங்கள். கிடைக்காத வேலை தெரிகிற ஒரே சன்னல் அது.

"ஏன் எங்க வூடு?" என்பது எல்லா வாசலிலும் வரும் கேள்வி. குலுக்கல்தான். 2024 வரை நாடு முழுக்க வருடத்துக்கு 12,800 கிராமங்களும் நகர பிளாக்குகளும், ஒவ்வொன்றிலும் 8 வீடு, ஆக 1,02,400 வீடு. 2025 ஜனவரி முதல் 22,692 இடம், இடத்துக்கு 12 வீடு. நகரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று மாத இடைவெளியில் நாலு முறை போவோம். இப்போது அடுத்தடுத்த நாலு மாதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, ஆனால் கிளறாத பானையில் மேல்சோறு ஒரு பதம், அடிச்சோறு ஒரு பதம். அதனால் பிளாக்கில் எல்லா வீட்டையும் முதலில் பட்டியல் போட்டு, பத்தாவது அல்லது அதற்கு மேல் படித்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வீடு எடுப்போம்.

வட சென்னைக்கு மட்டும் வேலையின்மை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கணக்கெடுப்பிலிருந்து அப்படி ஓர் எண் வராது. அதற்கான அளவு வீடுகள் இங்கே எடுப்பதில்லை. யாராவது மேடையில் சொன்னால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

குடிசையில் உட்கார ஸ்டூல் போட்டு டீ வாங்கித் தருவார்கள். புதிதாக வந்த அடுக்குமாடிகளில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியாது. "அசோசியேஷன்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க." வீடு கிடைக்காவிட்டால் மாற்று வீடு எடுக்கலாம், ஆனால் மாற்று வீட்டில் இருப்பவர், பகலில் கதவைத் திறக்க ஆள் இருக்கும் வீட்டுக்காரர். வேலைக்குப் போனவர் கணக்கு அங்கேயே கொஞ்சம் சாய்கிறது.

கீழ்த்தட்டு வீடுகளில் வேறு பயம்: உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ, மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ? நிற்காது. 2008ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். ஆராய்ச்சிக்கு வெளியிடும் தரவில் பெயர் இருக்காது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், கேட்டால் கோபப்பட மாட்டோம். ஓடிபி, வங்கி அட்டை எண் கேட்டால் அது நாங்கள் இல்லை, உடனே கதவைச் சாத்துங்கள். முடிந்தால் அவரவர் வேலையை அவரவரே சொல்லுங்கள். மனைவி என்ன செய்கிறார் என்று கணவர் சொல்லும் பதிலில் பிசிறு நிறைய.

கொருக்குப்பேட்டை அக்கா வீட்டுக்கு நாலாவது, கடைசி முறை போனபோது அவரே கதவைத் திறந்தார். ஏழு நாளையும் விரல்விட்டு எண்ணி மணிக்கணக்கு சொன்னார். ஞாயிறு அரை மணி, அதையும் விடவில்லை. பிறகு எதிர்வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இவளுந்தான் மேடம் பிசிறு வெட்றா. இவளையும் எய்திக்கோ."

"அவங்க வீடு குலுக்கல்ல வரலக்கா. நீங்க சொன்னதே அவங்களுக்கும் சேர்த்துதான்."

இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "ஒரு டஜனை எண்ணிட்டு ரெண்டு டஜன்னு சொன்னா, எங்க கடக்காரன் ஒத்துக்குவானா மேடம்?" என்றார் அக்கா.