டார்ட் ரிஃபார்ம்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

போன வாரம் தர்மபுரில நான் வேலை பாக்கற வக்கீல் ஆபீசுக்கு பாலக்கோட்டுல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, மஞ்சப்பைல எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லு எல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்து, "கை எலும்பு கோணலா கூடிருச்சுங்க சார், டாக்டர உள்ள தள்ள முடியுங்களா"ன்னு கேட்டாரு. அவருக்கு வேண்டியது நட்டஈடு, ஆனா கிளம்பினது போலீஸ் ஸ்டேஷனுக்கு.

இந்தக் குழப்பம் தீரணும்னா டார்ட்ங்கற சொல் புரியணும். லத்தீன்ல டார்ட்டும்னா முறுக்கினது, கோணினது. பிரெஞ்சு வழியா இங்கிலீஷ் சட்டத்துக்குள்ள வந்து 'அடுத்தவருக்குச் செஞ்ச தப்பு'ன்னு ஆச்சு. நம்ம கொடுங்கோலும் இப்படித்தான், வளைஞ்ச கோல்னுதான் பொருள், நேரா நின்னா செங்கோல். தமிழ்ச் சட்டப் புத்தகத்துல டார்ட்டுக்கு 'தீங்கியல்'னு போடறாங்க, அருமையான சொல்லுங்க, குற்றம்னா அரசாங்கம் தண்டிக்கும், தீங்குன்னா பாதிச்சவருக்கு ஈடு கட்டணும், அந்த வித்தியாசம் சொல்லுலயே இருக்கு.

சரி, ரிஃபார்ம்? இது அமெரிக்கா சமாச்சாரம், கேஸ் போட்டு வாங்கற நட்டஈட்டுக்கு சட்டம் போட்டு வரம்பு வைக்கறதுதான் இதுல முக்கியம். 1970கள்ல, கேஸ் வந்தா நட்டஈடு குடுக்கறதுக்காக டாக்டருங்க கட்டற இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறிப்போய், 1975ல கலிபோர்னியா 'மிக்ரா'ன்னு (MICRA) ஒரு சட்டம் போட்டுது, மருத்துவ அலட்சிய வழக்குல வலி வேதனைக்குன்னு தர்ற நட்டஈடு 2,50,000 டாலரத் தாண்டக்கூடாது, மருத்துவச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் வரம்பு இல்ல. 2003ல டெக்சாஸும் வரம்பு வச்சுது. கலிபோர்னியால அந்தத் தொகை 2022 வரைக்கும் அப்படியே நின்னுது, விலைவாசி மட்டும் ஏறிட்டே போச்சு, 2023ல இருந்துதான் ஏத்தினாங்க. இதப்போய் 'தீங்கியல் சீர்திருத்தம்'னு மொழிபெயர்த்தா எல்லாருக்கும் நல்லதுன்னு படிக்கறவங்க நெனச்சுக்குவாங்க. நில உச்சவரம்பு நமக்குத் தெரிஞ்ச சொல்தானே, அதே மாதிரி 'நட்டஈட்டு உச்சவரம்பு'ன்னு சொல்லுங்க, முக்கியமா நடக்கறது அதுதான்.

டாக்டருங்க பயமும் நிஜம்தான். கேஸ் வருமோன்னு தேவையில்லாத ஸ்கேன் எழுதறதுக்கு 'தற்காப்பு மருத்துவம்'னு பேரு, அந்த பில்லு நோயாளி தலைலதான் விழுது.

நம்ம நாட்டுல இப்படி உச்சவரம்பு கிடையாது. 1995ல சுப்ரீம் கோர்ட், காசு வாங்கிப் பாக்கற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துல வரும்னு சொல்லிருச்சு. 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல, படுமோசமான அலட்சியம் இருந்தாத்தான் டாக்டர் மேல குற்ற வழக்குன்னும் சொல்லிருச்சு. அதனால அண்ணன் போகவேண்டிய எடம் நுகர்வோர் ஆணையம், அதுக்கு 2 வருஷம்தான் கெடு. டிஸ்சார்ஜ் தேதியப் பாத்தா ஒன்னேமுக்கால் வருஷம் ஓடிருக்கு, வேற ஒரு எலும்பு டாக்டர்கிட்ட எழுத்துல ஒப்பீனியன் வாங்கிட்டு இந்த வாரமே வாங்கண்ணான்னு சொல்லி அனுப்பிருக்கேன்.