மீந்த பாஸ்தாவைச் சூடுபண்ணினால் சரியாகிவிடுமா?

கைமா போட்டு பாஸ்தா செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெங்காயம் நறுக்கத் தெரிந்த யாரும் முக்கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். நான் உணவு நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். ஆய்வகத்தில் உணவு மாதிரிகளைச் சோதிப்பதும், ஹோட்டல், விடுதிச் சமையல்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் வேலை. இந்தச் சமையலைப் பற்றி என்னிடம் கேட்டால் செய்முறையைச் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்றுதான் துருவுவேன். இதில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் தட்டில் சுடச்சுடப் போட்டதால் வருவதில்லை, சட்டியில் மீந்ததால் வருகின்றன. "காலையில நல்லா சூடுபண்ணித்தான் கொடுத்தேன், அப்புறம் எப்படி?" என்று கேட்பவர்கள் அத்தனை பேர். அந்த "எப்படி"க்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறையைப் பார்த்துவிடலாம். இந்தக் கைமா சாஸின் சொந்த ஊர் இத்தாலியின் போலோஞ்யா. அங்கே இதற்கு ராகூ என்று பெயர். 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையல் அகாடமி இதன் செய்முறையை அந்த ஊர் வணிகச் சபையில் முறைப்படி பதிவே செய்து வைத்தது. 2023இல் அதைத் திருத்தி மறுபடி பதிந்தார்கள். மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, கொஞ்சம் தக்காளி, ஒயின், பால், அப்புறம் மணிக்கணக்கில் சிறு தீ. அதையும் ஸ்பகெட்டி என்ற நூல் போன்ற பாஸ்தாவோடு சாப்பிட மாட்டார்கள். பட்டையாக வெட்டிய முட்டை பாஸ்தாவோடுதான். நம் வீட்டில் சனிக்கிழமை இரவு செய்வது இதன் தூரத்துச் சொந்தம். அதில் தப்பொன்றும் இல்லை.

நான்கு பேருக்கு 300 கிராம் கைமா, 350 கிராம் பாஸ்தா போதும். அகலமான வாணலியில் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், இரண்டு பல் பூண்டு போட்டு வதக்குங்கள். கைமாவைச் சேர்த்து, மூடாமல், பெரிய தீயில் கிளறுங்கள். முதலில் நீர் விடும்; அது சுண்டி, சட்டியில் சடசடவென்று பொரியும் சத்தம் மாறும்போதுதான் இறைச்சி சிவக்கத் தொடங்கும். வாசனையே அதற்குப் பிறகுதான். அரைத்த தக்காளி அரை கிலோ, உப்பு, மிளகு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில் கால் டம்ளர் பால். ஆட்டுக் கைமா என்றால் சிவந்த பிறகு குக்கரில் நான்கு விசில் விடுவதே என் யோசனை. போலோஞ்யாக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர்களின் இரண்டு மணி நேர வேலையைக் குக்கர் கால் மணியில் முடித்துவிடும். பாஸ்தாவுக்கு 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து சாஸில் விட்டுப் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். முடிந்தது.

இனி என் தொழில்.

கைமா, துண்டுக் கறியைப் போல இல்லை. துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். சட்டியில் பட்டவுடன் அதன் கதை முடிந்துவிடும். கொத்தியோ அரைத்தோ விட்டால் மேலிருந்தது எல்லாம் உள்ளே போய்விடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை ஓ157 கிருமியால் பாதிக்கப்பட்டார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள். அரைத்த மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கோழிக் கைமா என்றால் 74 என்று அந்த நாட்டு வேளாண்மைத் துறை சொல்கிறது. தளதளவென்று கொதிக்கும் சாஸ் இதைத் தாண்டிவிடும், அதனால் நமக்குக் கவலை குறைவு. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வோம்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கைமாவை அரைகுறையாக உருகிய கட்டியாகவே சட்டியில் போடுவது. வெளியே பழுப்பாகிவிடும், கட்டியை உடைத்தால் நடுவே இளஞ்சிவப்பாக, சில்லென்று இருக்கும். முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து உருகவிடாதீர்கள்.

கைமாவைக் கழுவுவதா என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். வடிகட்டியில் போட்டு, மஞ்சள்தூள் தூவி, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது பல வீட்டுப் பழக்கம். அந்தத் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர் வரை போகும். உள்ளே கலந்துவிட்ட கிருமியை அது கழுவாது. மஞ்சளும் அதைக் கொல்லாது. தூசி இருக்குமே என்று மனசு கேட்கவில்லையா? கறியை முழுத் துண்டாக வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வீட்டில் கொத்திக்கொள்ளுங்கள். அப்புறம் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாங்கிய கைமாவை ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

சரி, எல்லாரும் சாப்பிட்டாயிற்று. சட்டியில் பாதி மிச்சம். "ஆறட்டும், அப்புறம் எடுத்து வைக்கலாம்" என்று மூடி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். இங்கேதான் இரண்டு கிருமிகள் காத்திருக்கின்றன. இரண்டும் ஸ்போர் என்ற கவசத்துக்குள் சுருண்டு கிடக்கக்கூடியவை. கொதிநீர் அந்தக் கவசத்தைச் சாகடிப்பதில்லை. சொல்லப்போனால் அந்தச் சூடு தூங்கும் ஸ்போரை எழுப்பியும் விடுகிறது.

முதலாவது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இறைச்சிக் குழம்பு, கெட்டியான சாஸ் இதற்கு மாமியார் வீட்டு விருந்து. கொதித்தபோது காற்று வெளியேறிவிட்டதால் சட்டியின் அடிப்பகுதி இதற்கு வசதி. 43 முதல் 47 டிகிரி வரை இதற்கு மிகவும் பிடித்த சூடு; அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். பயிற்சி வகுப்பில் பெரிய சட்டியின் நடுவே தெர்மாமீட்டர் கம்பியைச் செருகிக் காட்டுவேன். விளிம்பைத் தொட்டுப் பார்த்து "ஆறிடுச்சு" என்பார்கள். நடுவில் இன்னும் நாற்பதுக்கு மேலே இருக்கும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி ஆகும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், வயதானவர்களுக்குத்தான் சிக்கல். இந்தக் கிருமி மட்டும் என்றால் மறுபடி நன்றாகக் கொதிக்கவிடுவது ஓரளவு உதவும், ஏனென்றால் எழுந்து பெருகிய கிருமி சூட்டில் செத்துவிடும்.

இரண்டாவதிடம் அந்தப் பாச்சா பலிக்காது. பேசில்லஸ் சீரியஸ் என்பது மண்ணில், தானியத்தில், மசாலாப் பொடிகளில் சாதாரணமாகக் கிடப்பது. வெந்த பாஸ்தா, சோறு போன்ற மாவுப்பொருள் அறைச் சூட்டில் கிடந்தால் பெருகும். அதில் ஒரு வகை செரியுலைடு என்ற நச்சை உணவிலேயே சுரந்து வைத்துவிடும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் குக்கர் தொடக்கூடிய உச்சச் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது. சூடுபண்ணினால் கிருமி சாகும், அது சுரந்து வைத்த நச்சு அப்படியே இருக்கும்.

2008இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவன் ஒருவன், ஐந்து நாள் முன்பு சமைத்து அடுக்களையில் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைத் தக்காளி சாஸோடு மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டான். அரை மணி நேரத்துக்குள் தலைவலி, வயிற்றுவலி, குமட்டல். பல மணி நேரம் வாந்தி. வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான், காலையில் உயிரோடு இல்லை. கல்லீரல் திசு அழிந்திருந்தது. ஆய்வகத்தில் அந்த ஸ்பகெட்டியில் ஒரு கிராமுக்கு 9.5 கோடி பேசில்லஸ் சீரியஸ் இருந்தது. சாஸில் அது இல்லவே இல்லை. மரணத்துக்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது மருத்துவர்கள் வந்த முடிவு.

ஐந்து நாள் வெளியே வைப்பதெல்லாம் நாம் செய்வோமா என்று கேட்கலாம். அதே நாட்டில் 2003இல் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை செய்த பாஸ்தா சாலட், சனிக்கிழமை பிக்னிக்குக்குப் போய் வந்தது. மீந்ததை ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்கள். திங்கள் மாலை ஒரே வீட்டுக் குழந்தைகள் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் உடம்பு முடியாமல் போனது, 7 வயதுப் பெண் குழந்தை இறந்துவிட்டாள். பிறகு அந்த ஃப்ரிட்ஜை அளந்தபோது உள்ளே 14 டிகிரி இருந்தது. இருக்க வேண்டியது 5க்குக் கீழே. இந்த இரண்டும் அபூர்வமான மரணங்கள்தான். இந்தக் கிருமியால் வரும் வாந்தி பொதுவாக ஒரு நாளில் நின்றுவிடும். ஆனால் 14 டிகிரி ஃப்ரிட்ஜ் அபூர்வம் இல்லை. ரப்பர் பட்டி தளர்ந்து, மாவுச் சட்டியும் தயிர்ப் பானையும் அடைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கிற ஃப்ரிட்ஜ் எத்தனை வீட்டில் இருக்கிறது! ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு என் பேச்சே தேவைப்படாது.

"முந்தாநாள் மீன் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவங்க நாங்க" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். புளி அந்தக் குழம்பை நன்றாகப் புளிப்பாக்கிவிடுகிறது. அந்தப் புளிப்பில் இந்தக் கிருமிகள் எளிதில் வளராது. பழைய சோறும் தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது. கைமா சாஸில் தக்காளி இருந்தாலும் இறைச்சியும் பாலும் புளிப்பைத் தணித்துவிடும்; வெந்த பாஸ்தாவில் புளிப்பே கிடையாது. அம்மாவின் குழம்புக் கணக்கை இதற்குப் போடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சம் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், அதாவது சித்திரை வெயிலில் நமக்கு ஒரு மணி. சட்டியோடு ஆறவைத்தால் அது நடக்காது. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் சாஸை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதைத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு தட்டின் மேல் வைத்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள். இடையில் கரண்டியால் ஒருமுறை புரட்டினால் அரை மணியில் ஆவி அடங்கிவிடும். லேசான சூடு இருந்தால் பரவாயில்லை, சின்ன டப்பாக்களில் போட்டு உள்ளே வையுங்கள், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகாது. பாஸ்தாவையும் சாஸையும் தனித்தனியாக வைப்பது நல்லது. இன்னும் நல்லது, பாஸ்தாவை மீதியாகாமல் அளந்து வேகவைப்பது. அது பத்து நிமிட வேலை, சாஸை மட்டும் அதிகமாகச் செய்து ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்ததை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். சரியாக ஓடும் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும் என்பது பொது விதி, ஆனால் கரண்ட் போய்வரும் ஊரில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவைத் திறக்காமல் இருந்தாலே குளிர் நான்கு மணி நேரம்தான் நிற்கும்.

பள்ளிக்கூட டப்பா விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். காலை ஏழரைக்கு அடைத்தது மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது. ஐந்து மணி நேரம், வெதுவெதுப்பில், மூடிய டப்பாவில். கைமா பாஸ்தாவைச் சாதாரண டப்பாவில் கொடுத்தனுப்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சூடு தாங்கும் தெர்மாஸ் டப்பாவில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, அன்று காலை சமைத்ததை ஆவி பறக்க நிரப்புங்கள். மதியம் திறக்கும்போது நன்றாகச் சுட வேண்டும். சுடவில்லையென்றால் அந்த டப்பாவை இதற்கு நம்ப வேண்டாம். நேற்றைய மிச்சத்தை எந்த டப்பாவிலும் அனுப்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேல் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், நேரத்தைக் கவனியுங்கள். பாஸ்தா சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்தால் நச்சுதான் முதல் சந்தேகம். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், மயக்கம், கண் மஞ்சள், குழந்தை பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. என்ன சாப்பிட்டது, எப்போது சமைத்தது, எங்கே வைத்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். சட்டியில் இருப்பதை அவசரமாகக் கழுவி ஊற்றிவிடவும் வேண்டாம். ஒரு கைப்பிடியைச் சுத்தமான டப்பாவில் போட்டு, யாரும் எடுக்காதபடி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிசோதனைக்கு எங்களுக்கு அது வேண்டும்.