ஓட்டுக்கு அடியில் ஃபாயில்: பளபளப்பு எந்தப் பக்கம்?

சித்திரை மதியத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஓட்டு வீடுகளில் ஃபேன் ஓடியும் உச்சந்தலை காய்கிறதே, அது ஓட்டிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு. 60 டிகிரிக்குக் காய்ந்த ஓட்டின் எதிரே 35 டிகிரியில் சாதாரணப் பரப்பு இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் இறங்கும். அதுவே சுத்தமான அலுமினிய ஃபாயில் என்றால் 10 வாட்கூடத் தேறாது.

ஃபாயில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பது பலருக்கும் தெரியும். தான் சூடானாலும் கதிர்வீச்சை வெளியே விடாத கஞ்சன் அது என்பது அதைவிட முக்கியம். அதனால் ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் ஷீட்டை, மினுங்கும் முகம் அறையைப் பார்க்கும்படி அடியுங்கள். மேலே பார்த்தால் ஓட்டு இடுக்கில் உதிரும் செம்மண் தூசி படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். நடுவில் காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் வைத்து, இரண்டு பக்கமும் மினுங்கும் பபுள் ஷீட் இன்னும் நல்லது. ஆனால் ஓட்டோடு ஒட்டி அடித்தால் மேல் முகத்தால் பயனே இல்லை. ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தின் அடிப்பக்கம் அடித்தால் 3, 4 அங்குல இடைவெளி தானாகக் கிடைக்கும்.

முதலில் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். மெயினை அணைத்துவிட்டு, கைமரத்தில் ஓடும் ஒயர்களை பிவிசி பைப்புக்குள் கொண்டுவாருங்கள்; ஒரு ஸ்டேப்ளர் பின் ஒயரில் ஏறினால் ஷீட் முழுக்க ஷாக் அடிக்கும்.

ஓடு வேய்வது கீழிருந்து மேலே. ஷீட்டையோ குறுக்குவாக்கில் பட்டை பட்டையாக முகட்டிலிருந்து கீழே அடிக்க வேண்டும். மேல் பட்டையின் அடியில் கீழ்ப் பட்டை 4 அங்குலம் ஏறியிருந்தால்தான், ஒழுகும் மழைநீர் பட்டைக்குப் பட்டை வழிந்து இறவாணத்தில் சொட்டும். தொய்வு விட்டால் அங்கே தண்ணீர் தேங்கும். ஸ்டேப்ளர் பின் மட்டும் ஆடிக் காற்றுக்குத் தாங்காது. கைமரம் நெடுக ஓரங்குல மரச்சட்டம் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். பனங்கை என்றால் முதலில் ட்ரில் செய்ய வேண்டும். முகட்டில் 2 அங்குலம் திறந்திருக்கட்டும். அறையின் சூடான காற்று அந்த வழியாக ஏறி ஓட்டு இடுக்கில் வெளியேறும்.

20 அடி நீள வீட்டில் இருபுறமும் சரிவு 12 அடி, ரோல் அகலம் 4 அடி என்றால், ஒரு புறத்துக்கு மூன்று முழுப் பட்டையும் ஓர் அரைப் பட்டையும் போகும். மொத்தம் 140 அடி. சேதாரத்துக்கு 10 அடி கூட்டி வாங்குங்கள்.

விறகடுப்புக்கு மேல் வேண்டாம். புகைக்கரி படியும், பபுள் பிளாஸ்டிக் தீப்பற்றும். ஓசூர், தளிப் பக்கம் மார்கழி இரவில் இதே ஷீட் அறையின் கதகதப்பை வெளியே விடாமல் காக்கும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஃபாயிலில் நேராகக் காட்டினால் தப்பாகக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, சில நிமிடம் விட்டு, அதன்மேல் அளந்து பாருங்கள்.