கார்பன் ஃபைபர் படகில் எங்கே பலன், எங்கே வீண்

பாய்மரத்துக்குக் கார்பன் ஃபைபர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. அலுமினியத்தின் விறைப்பு 70 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். எபாக்சி என்னும் இறுகும் பிசினில் (ரெசின்) தோய்த்து நீளவாக்கில் அடுக்கிய கார்பனுக்கு விறைப்பு சுமார் 130, அடர்த்தி 1.6. மரத்தின் உச்சி 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே குறையும் ஒரு கிலோ, படகு சாயாமல் இருக்க அடியில் 2 மீட்டர் ஆழத்தில் தொங்கும் ஈயத்தில் ஏழரைக் கிலோவுக்குச் சமம். படகு குறைவாகச் சாயும், பாய் கூடுதல் காற்றைத் தாங்கும்.

படகின் உடலுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். எனவே இரண்டு கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். எடை குறைக்கிறேன் என்று கார்பன் தோலை ஒரு மில்லிமீட்டருக்கு மெலித்தால், மிதக்கும் மரக்கட்டை ஒன்று போதும் துளைக்க. சாதாரணப் படகுக்கு இது வீண்செலவு என்றே சொல்வேன். பந்தயப் படகு வேறு விஷயம். சுவீடனின் 73 மீட்டர் விஸ்பி ரகப் போர்க்கப்பல்களும் கார்பன் தோலில்தான் கட்டப்பட்டன.

செலவை மிச்சப்படுத்த கார்பன், கண்ணாடி இரண்டு இழைகளையும் ஒரே திசையில் கலந்து போடுவார்கள். கார்பன் 1.5 சதவீத நீட்சியிலேயே அறும். கண்ணாடி 4 சதவீதம் தாண்டியும் தாங்கும். விறைப்பான கார்பன் சுமையில் பெரும்பங்கை வாங்கி முதலில் அறுந்துவிடும். கண்ணாடியின் முழு வலு வேலைக்கு வருவதே அதற்குப் பிறகுதான்.

கையால் ரெசின் பூசும்போது இன்னொரு தொல்லை. கண்ணாடித் துணி நனைந்ததும் தெளிந்துவிடும், உலர்ந்த இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கார்பன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. துணியின் எடைக்கேற்ப ரெசினை நிறுத்து ஊற்ற வேண்டும். வெற்றிட முறையில் ரெசினைத் துணிக்குள் இழுப்பது இன்னும் நல்லது.

கார்பன் மின்சாரம் கடத்தும். அதில் அலுமினியப் பொருத்தியை நேரடியாக போல்ட் போட்டால், உப்புநீர் பட்டதும் அலுமினியம் கரையத் தொடங்கும். பெயின்ட் கொப்புளித்து, கீழே வெள்ளைப் பொடி தெரியும். நடுவே ஒரு கண்ணாடித் துணி அடுக்கு, போல்ட்டைச் சுற்றி நைலான் உறை, விளிம்பில் சீலன்ட், இம்மூன்றும் வேண்டும். டைட்டானியம் போல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கறுப்பாக விட்டால் அழகுதான். ஆனால் வெயிலில் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டலாம்; அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி 60 டிகிரிக்கு முன்பே இளகக்கூடும். வெள்ளை பூசுங்கள், அல்லது அடுப்பில் வைத்துப் பதப்படுத்துங்கள்.

அடி பட்டால் வெளியே கீறல் மட்டும் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட். ஒட்டுப்போடும்போது 2 மில்லிமீட்டர் தோலுக்குக் குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலச் சரிவாகத் தேய்த்த பிறகே புது அடுக்குகள். தேய்க்கையில் பறக்கும் தூசும் மின்சாரம் கடத்தும். பக்கத்தில் இருக்கும் மின்கருவிகளை முதலில் மூடிவிடுங்கள்.