ஸ்டெய்த்: சொல்லும் அதற்கான தமிழும்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் ‘ஸ்டெய்த்’ என்றால் சாதாரணப் படகுத்துறை இல்லை. சுரங்கத்திலிருந்து ரயில் பெட்டிகளில் வரும் நிலக்கரியை நேராகக் கப்பலுக்குள் கொட்டுவதற்காக ஆற்றோரம் எழுப்பிய உயரமான மேடை அது.

பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோடிச் சொல்லுக்குக் கரை என்றுதான் பொருள். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில், அதே குடும்பத்துச் சொல் படகு அணையும் இடத்தைக் குறித்தது. இரண்டுமே ‘நில்’ என்று பொருள்படும் வேரிலிருந்து கிளைத்தவை. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் அந்தப் பழைய பொருள் இன்னும் மாறவில்லை. பிரான்காஸ்டர் ஸ்டெய்த் என்ற ஊர்ப்பெயரில் கரியும் இல்லை, மேடையும் இல்லை. டைன் கரையில்தான் சொல்லின் போக்கை நிலக்கரி மாற்றியது.

17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சுரங்கத்திலிருந்து ஆறு வரை மரத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். நிறைவண்டி சரிவில் தானே உருண்டு வரும். வண்டிக்காரர் பிரேக் கட்டை மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டு வருவார். குதிரை பின்னால் ஓடிவரும். போகும்போது காலி வண்டியை மேட்டில் இழுப்பதுதான் அதன் வேலை. இப்படி வந்த கரியைக் குவித்து வைத்து, படகில் ஏற்றிய கரையோர மேடைக்கே ஸ்டெய்த் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படகுக்கு ‘கீல்’ என்று பெயர். சுமார் 21 டன் கரி கொள்ளும். டைன் கரையிலுள்ள நியூகாசில் நகரத்துப் பாலத்தின் வளைவுகள் தாழ்வானவை, ஆறும் ஆழமில்லை. கடற்கப்பல் பாலத்தைத் தாண்டி மேலே வர முடியாது. ஆகவே மேலாற்றுக் கரியெல்லாம் கீலில் இறங்கி, ஆற்று முகத்துவாரம் வரை போய், கப்பலில் மண்வாரியால் அள்ளி ஏற்றப்பட்டது. அப்புறம் பாலத்துக்கும் கடலுக்கும் இடையே, கப்பல் வரக்கூடிய இடங்களில், சரிவுக்குழாய் வைத்து நேரே கொட்டும் ஸ்டெய்த்துகள் வந்தன. படகுக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. 1822இல் அவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். குழாய் நிற்கவில்லை.

கொட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டிக் கரிக்குத்தான் நல்ல விலை. உயரத்திலிருந்து விழுந்தால் உடைந்து தூளாகிவிடும். அதனால் வில்லியம் சாப்மன் என்ற பொறியாளர், எதிர் எடை வைத்து வண்டியையே கப்பல் தளம் வரை இறக்கிக் கொட்டும் பொறிக்கு 1807இல் காப்புரிமை பெற்றார்.

பழைய பாலத்தை எடுத்துவிட்டு, திரும்பி வழிவிடும் பாலத்தை 1876இல் திறந்த பிறகு, ஆற்றையும் ஆழப்படுத்தியிருந்ததால், பெரிய கப்பல்கள் மேலாற்றுக்கே வர முடிந்தது. வடகிழக்கு ரயில்வே 1893இல் நியூகாசிலுக்கு எதிர்க்கரையான கேட்ஸ்ஹெட் பக்கம் டன்ஸ்டன் ஸ்டெய்த்தைத் திறந்தது அப்படித்தான். முழுக்க மரம், 500 மீட்டருக்கும் அதிக நீளம். ஐரோப்பாவின் மிகப் பெரிய மரக் கட்டுமானம் என்பார்கள். 1920களில் வாரத்துக்குச் சுமார் 1,40,000 டன் கரி இதன் வழியாகப் போனது.

மேலே ‘டீமர்’ என்பவர் பெட்டியின் அடிக்கதவைத் திறந்து கரியை விழவைப்பார். கீழே கப்பல் வயிற்றுக்குள் ‘டிரிம்மர்’ மண்வாரியோடு நிற்பார். கரி ஒரு பக்கமே குவிந்தால் கப்பல் சாய்ந்துவிடும் என்பதால், தூசிப் புகைக்குள் குனிந்து, மூலை முடுக்கெல்லாம் தள்ளிச் சமப்படுத்துவது அவர் வேலை. ‘டீம்’ என்பதும் நார்ஸ் வழி வந்த சொல்தான். காலி செய்தல் என்று பொருள்.

சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும் மேடைக்கும் வேலை குறைந்தது. 1970களின் இறுதியில் டன்ஸ்டனில் கரி ஏற்றுவது நின்றது. 1990இல் கேட்ஸ்ஹெட் தோட்டத் திருவிழாவுக்காகச் சீரமைத்தார்கள். 2003இல் தீப்பிடித்து ஒரு பகுதி போனது. இன்று அது சட்டப் பாதுகாப்புள்ள நினைவுச் சின்னம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘நிலக்கரித் துறை’ என்றுதான் முதலில் கை எழுதப் போகும். ஆனால் படிப்பவருக்கு அமைச்சர், செயலாளர், கோப்பு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் துறை இன்னும் நீரோடு இருந்தாலும், தனியே எழுதினால் அரசு அலுவலகம்தான். ‘கரி ஏற்றுமேடை’ தவறில்லை. ஆனால் ஆள் தூக்கி ஏற்றுவது போல ஒலிக்கிறது. இந்த மேடையின் சூட்சுமமே புவியீர்ப்பில் விழவைப்பது. எனக்கு ‘கரிக்கொட்டு மேடை’ பொருத்தமாகப் படுகிறது. டீமரைக் ‘கொட்டுநர்’ என்று ஆக்க வேண்டாம், ‘கரி கொட்டுபவர்’ போதும். டிரிம்மருக்குக் ‘கரி நிரவுபவர்’. நிரவுதல் என்பது மண்வேலையில் நாம் தினமும் சொல்கிற சொல்தானே.

நார்ஃபோக் ஊர்ப்பெயர்களை விளக்கும்போது மட்டும் கரியைச் சேர்த்துவிடக் கூடாது. அங்கே ‘படகுத்துறை’ என்றே எழுதிக்கொள்ளலாம்.