பைக்குக் காசு எடுத்தால் பில்லில் எங்கே?

இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் சொப்பிங் பையைக் கடைக்காரர் சும்மா தரக்கூடாது. விலையைக் கடையில் பார்வைக்கு எழுதி வைக்கவேண்டும், பில்லிலும் காட்டவேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் உத்தரவு அவ்வளவுதான். சனம் ஏமாறுவது அதற்குப் பிறகு.

பை வாங்குவது கட்டாயமில்லை. துணிப்பையோ பனையோலை உமலோ கொண்டுபோயும் பில்லில் பைக்காசு விழுந்திருந்தால் காசாளர் முன்னாலேயே கழிக்கச் சொல்லுங்கள். “மெஷின் தானாகப் போடுது” என்பது வெறும் சாட்டு. இதைவிட மோசமானது மொத்தத் தொகையோடு பைக்காசைக் கலந்துவிட்டு, பில்லும் தராமல் அனுப்புவது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆகவேண்டும். கேட்டால்தான், கேளாமல் வந்தால் முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றுமில்லை. மெஷின் பில்லின் எழுத்து சில கிழமையில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

மீன், மரக்கறிக்கு உருளையிலிருந்து கிழித்துத் தரும் கைபிடியில்லாத பை இந்த உத்தரவுக்குள் வராது. அதற்காக மீன் சந்தையில் சண்டை பிடிக்கவேண்டாம்.

சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய பை வேறு கதை. அடர்த்தி கூடிய பொலித்தீனில் செய்த அந்தப் பை 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. சோற்றுப்பொதி சுற்றும் லஞ்ச் சீற் தாளும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியும் அன்றே தடையானவைதான். சுடுசோறும் எண்ணெய்க் கறியும் பட்டால் பிளாஸ்ரிக்கில் கலந்த இரசாயனங்கள் கூடுதலாகச் சாப்பாட்டில் இறங்கும். “உக்கும் சீற்” என்று சொல்லித் தந்தால் பொதியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். தடைசெய்த பையைப் பில்லில் விலை போட்டு விற்றாலும் அது தடைசெய்த பைதான்.

இனி அலைச்சல். பைக்காசு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. பையே தடைசெய்தது என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. குப்பை எடுக்க வரவில்லை என்றால் உள்ளூராட்சி சபை. பக்கத்து வளவில் பிளாஸ்ரிக் எரிக்கிறார்கள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், சுற்றாடல் அதிகாரசபை என்று மூன்று வாசல், மூன்றிலும் “அது எங்கட வேலையில்லை” என்ற பதில் வரக்கூடும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதும் 2017 முதல் தடை என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். அந்தப் புகை முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரருக்கு உடனே கேடு. பிவிசி பிளாஸ்ரிக் கலந்து எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சும் வரும்.

வாயால் சொன்ன முறைப்பாடு கந்தோர் வாசலோடு போய்விடும். கடை, திகதி, நேரம், பொருள், தொகை எழுதி, பில் பிரதி இணைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொருள் பற்றிய முறைப்பாட்டுக்குச் சட்டம் தரும் காலம் 3 மாதம். ஒரு கிழமைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. “சிங்களத்தில் கொண்டுவாங்கோ” என்றால் சொன்னவரின் பதவியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாகியும் அசையவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி, “எனது இன்ன திகதி முறைப்பாட்டுக்கு எடுத்த நடவடிக்கை என்ன” என்று அதே கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். தூங்கும் கோப்பைப் பெரும்பாலும் எழுப்புவது இந்தக் கடிதம்தான்.

மழைக்காலத்துக்கு முன் உங்கள் வளவையும் பாருங்கள். வடிகானில் அடைத்த பை தண்ணீரைத் தேக்கும், நுளம்பு பெருகும்; 2017 இல் டெங்குவால் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில் பொறுப்பு வளவில் குடியிருப்பவருக்கு. பை எந்தக் கடையில் வந்தது என்று பரிசோதகர் கேட்கமாட்டார்.

மிச்சச் சாப்பாட்டைப் பையோடு கட்டி வாசலில் வைக்கவும் வேண்டாம். திருகோணமலைக் கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான் உப்பும் கறியும் மணக்கும் பையை அப்படியே விழுங்கும். அது செரிக்காது, வெளியேறவும் மாட்டாது. வயிறு நிறைந்தபடியே மான் பட்டினியில் சாகும். சாப்பாட்டுக் கழிவை வாளியில் வேறாகவும், பையைக் கழுவிக் காயவைத்து வேறாகவும் குப்பை வண்டிக்குக் கொடுங்கள்.